விபத்து இல்லாத நாட்கள்

சின்னத்தாங்கலா சார்? நீங்க டிக்கெட் கேட்டது காதுல விழுந்துச்சு, அதான் பின்னாடி சீட்ல இருந்து எழுந்து வந்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க. ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க, எனக்குக் காத்து ஒத்துக்காது. சொந்த ஊரா, மாமனார் ஊரா? மாமனார் ஊரா, சரி. அப்ப ஊர்ல எல்லாரையும் தெரிஞ்சிருக்கும். பஸ் நிக்கிற இடத்துல இளநி விக்கிறாரே முனிரத்தினம்னு ஒருத்தர், தெரியுமா? தெரியும்தானே. நினைச்சேன்.

இந்தாங்க, என் கார்டு. வச்சுக்கோங்க, இருக்கட்டும். தணிகாசலம், மனிதவள மேலாளர். முன்னாடி பெர்சனல் ஆபீசர்னு போடுவாங்க, இப்ப பேரை மாத்திட்டாங்க. வேலை அதேதான். லீவு, ஷூ, கேன்டீன் சாம்பார், சண்டை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நம்ம கம்பெனி. காருக்குத் தேவையான இரும்புத் தகட்டை பிரஸ்ல அடிச்சு வளைச்சுக் குடுக்கறோம். உங்க வீட்ல யாராவது டிப்ளமா முடிச்சிருந்தா சொல்லுங்க, என்னால ஆனதைப் பண்றேன். நான் அப்படித்தான் சார், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டேன். கேட்டுப் பாருங்க கம்பெனியில.

இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு உங்க ஊருக்கு. ஒரு விஷயம் சொல்லட்டுமா? சொல்லிடறேன். யார்கிட்டயாவது சொல்லணும்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனி ஆர்டர் வர்ற மாதிரி இருந்துச்சு. பெரிய ஆர்டர். அவங்க அனுப்பின கேள்விப் பட்டியல் மட்டும் நாப்பது பக்கம். அதுல ஒரு பக்கம், உங்க கம்பெனியில சம வாய்ப்புக் கொள்கை இருக்கா, மாற்றுத்திறனாளிங்க எத்தனை பேர் வேலை பாக்கறாங்கன்னு. நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு சார், இருபது பேருக்கு மேல வச்சிருக்கிற எல்லாரும் கொள்கை எழுதிப் பதிவு பண்ணணும். இருக்குன்னு எனக்குத் தெரியும். யாரும் கேக்கல, நானும் எழுதல. அவ்ளோதான். எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "தணிகாசலம், கொள்கை வேணும், அஞ்சு பேர் வேணும். ஒரு மாசத்துல ஆடிட்."

கொள்கை ஒரு மணி நேரத்துல ரெடி. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியோட கொள்கை இன்டர்நெட்ல கிடைச்சுது. நல்ல இங்கிலீஷ். நோயாளிகள்னு இருந்த இடத்துல எல்லாம் ஊழியர்கள்னு மாத்தினேன், பேரை மாத்தினேன், பிரேம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டினேன். ஆனா ஆளுக்கு எங்க போறது?

ஆள் வரலைன்னு சொல்ல முடியாது. நிலோபர்னு ஒரு பொண்ணு, ஆற்காடு பக்கம். கால்ல கேலிபர், அந்த இரும்புப் பட்டை, போட்டிருக்கும். டூல் அண்ட் டை, அதான் பிரஸ்ஸுக்கு அச்சு செய்யற படிப்பு, அந்த டிப்ளமால முதல் வகுப்பு. இன்டர்வியூல நம்ம பிரஸ் ஷாப் மேனேஜரையே ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்டுச்சு. அவருக்குப் பதில் தெரியல. வெளிய வந்ததும் அவர் என்கிட்ட, "சார், டிசைன் ரூம் மாடியில. லிப்ட் இல்ல. லேடீஸ் டாய்லெட்டுக்கு நாலு படி ஏறணும். இதெல்லாம் யார் பாக்கறது?"ன்னார். ஒரு மேஜையைக் கீழ இறக்கி, ஒரு சாய்தளம் போட்டா முடிஞ்சது சார். சிமெண்ட் மூட்டை நாலு. நான் அதைச் சொல்லல. அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. அன்னைக்கு அதை நினைச்சு எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பஸ்ல வீட்டுக்குப் போறப்ப தனியா சிரிச்சுக்கிட்டே போனேன்.

வெளிய எதுக்குத் தேடணும்? நம்ம ஷாப்லயே இருக்காங்களே.

புரியுதா சார்? பிரஸ்ல வேலை செஞ்சா விரல் போகும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ் கீழ இறங்கணும், கை உள்ள போகக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கான். ஆனா டார்கெட் இருக்கே. ஒரு பட்டன்ல ஐஸ்கிரீம் குச்சியைச் சொருகிட்டா ஒரு கையால தகட்டை வைக்கலாம், ஒரு கையால அடிக்கலாம், வேகமாப் போகும். சூப்பர்வைசர் பாத்தும் பாக்காத மாதிரி போவார். நானும் போவேன். எனக்கென்ன தெரியும், நான் ஆபீஸ் ஆளு.

அப்படி விரல் போனவங்கள்ல ஈ.எஸ்.ஐ.க்கு எழுதின கேஸ் இருக்கு, எழுதாத கேஸ் இருக்கு. எழுதின கேஸ் உதவாது. ஆடிட்டர் பேப்பரைப் பாத்தா, உங்க கம்பெனியில அடிபட்டவங்களைத்தானே கணக்குக் காட்டறீங்கன்னு கேப்பான். எழுதாத கேஸ்தான் சுத்தமா இருக்கும். வீட்ல அடிபட்டது, ரோட்ல அடிபட்டது. அப்படிப் பாத்தா பதினோரு பேர் இருந்தாங்க. எழுதாம விட்டது யாருன்னு கேக்காதீங்க.

பதினோரு பேரையும் கம்பெனி வேன்ல ஏத்திக்கிட்டு, ஜி.எச்.ல மாற்றுத்திறனாளி சான்று குடுக்கற கேம்ப்புக்குப் போனேன். நாப்பது சதவீதம் குறைபாடு இருந்தாத்தான் சட்டப்படி கணக்கு. வரிசையில நின்னாங்க, நான் வாசல்ல நோட்டோட நின்னேன். ஒருத்தர் வந்து, "சார், இருபதுதான் போட்டாங்க"ன்னார். எனக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. சொல்றதுக்கே கூசுது சார். இன்னொரு விரல் போயிருந்தா தேறியிருக்குமேன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். நான்தான் நினைச்சேன், வேற யாரும் இல்ல. அந்த ஆளு பாவம், என் மூஞ்சியைப் பாத்துட்டு, "மன்னிச்சுக்கோங்க சார்"ன்னார்.

அஞ்சு பேர் தேறினாங்க. அஞ்சாவது ஆள் அம்சவேணி.

அம்சவேணி உங்க ஊர்ப் பொண்ணுதான். முனிரத்தினத்தோட கொழுந்தியா. ஆங், நீங்க அந்தக் கதையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்பட்டிருக்கீங்க, மூஞ்சியிலயே தெரியுது. கொஞ்சம் பொறுங்க சார். முழுசாக் கேளுங்க.

ஏழு வருஷம் முன்னாடி. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், கைக்குழந்தையோட அக்கா வீட்ல இருந்துக்கிட்டு கான்ட்ராக்ட்ல எங்க கம்பெனிக்கு வந்துச்சு. ரெண்டாவது ஷிப்டு. ஒருநாள் ராத்திரி ஒம்பதரை மணிக்கு பிரஸ் இறங்கிடுச்சு. வலது கையில நாலு விரல். கட்டைவிரல் மட்டும் நின்னுச்சு. நான்தான் கார்ல ஏத்திக்கிட்டுப் போனேன். ஈ.எஸ்.ஐ.க்கு இல்ல, ஒரு நர்சிங் ஹோமுக்கு. ஏன்னா எங்க கேட்ல ஒரு போர்டு இருக்கு சார். விபத்து இல்லாத நாட்கள்னு எழுதி, கீழ நம்பர் தொங்கும். அன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு. ஐநூறு ஆனா கம்பெனிக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கும். எம்.டி. போன்ல, "நம்பர் நிக்கக் கூடாது, பாத்துக்கோ"ன்னார். அவ்ளோதான் சொன்னார். மத்ததெல்லாம் நானாப் பாத்துக்கிட்டதுதான்.

டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டார். வீட்டுக் கிரைண்டர்னு சொன்னேன். கிரைண்டர்ல இப்படிப் போகாதேன்னார். மாமா கரும்பு ஜூஸ் கடை வச்சிருக்கார்னு அந்தப் பொண்ணு எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. கரும்பு மெஷின்ல மாட்டிக்கிச்சு டாக்டர்னு சொன்னேன். அதுக்கு அரை மயக்கம். ஆனாலும் கேட்டுச்சு சார். "மாமா பேரு கெட்டுடுமே சார்"னுச்சு. "பேப்பர்லதானேம்மா, யாருக்குத் தெரியப் போகுது? உன் வேலைக்கு நான் பொறுப்பு"ன்னேன். வேலைக்குப் பொறுப்பாத்தான் இருந்தேன். கை ஆறினதும் பேக்கிங்ல போட்டேன். அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

நேரம் கேட்டாங்க. ஒம்பதரைன்னு சொன்னேன். அந்தப் பேப்பர்ல நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஏன் அதை மட்டும் உண்மையாச் சொன்னேன்னு ஏழு வருஷமா யோசிக்கறேன். பழக்கம் சார். ஷிப்டு ரிப்போர்ட்ல நேரத்தை மட்டும் சரியா எழுதணும்னு இருபது வருஷமாப் பழகின கை. சாயங்காலம் அஞ்சு மணின்னு சொல்லியிருந்தா, கடை திறந்திருக்கிற நேரம், நாலு பேர் இருக்கிற நேரம், ஒண்ணும் ஆகியிருக்காது.

நர்சிங் ஹோம்ல இருந்து போலீஸுக்குத் தகவல் போச்சு. ஏட்டு ஒருத்தர் போன் பண்ணி, "அந்தப் பொண்ணு அன்னைக்கு டியூட்டிக்கு வந்துச்சா?"ன்னு கேட்டார். "இல்லீங்க, லீவு"ன்னேன். வருகைப் பதிவேட்டுலயும் லீவுன்னு மாத்திட்டேன். மறுநாள் காலையில கேட் போர்டுல நானூத்திப் பதிமூணுன்னு நம்பரை மாட்டினதும் நான்தான். வாட்ச்மேனுக்கு ஏணி ஏற பயம்.

ஏட்டு சின்னத்தாங்கலுக்குப் போயி மெஷினைப் பாத்திருக்கார், ஊரைக் கூட்டிக் கேட்டிருக்கார். அப்புறம் ஊர் பேசினது உங்களுக்கே தெரியும். மத்தியானம் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனவ கம்பெனிக்கே போகல. ராத்திரி ஒம்பதரை மணிக்கு மூடின கடையில மாமனோட இருந்திருக்கான்னு. முனிரத்தினம் பாவம், அன்னைக்குன்னு பாத்து கரும்பு லோடு எடுக்கப் போயி பதினோரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கார். லோடு எங்கேன்னு கேட்டா, லோடு கிடைக்கல. யார் நம்புவா? அம்சவேணி தன் அக்கா அஞ்சலைகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கு. கால்ல விழுந்து சொல்லியிருக்கு. அந்த அஞ்சலை அக்கா நர்சிங் ஹோம் பேப்பரை மூஞ்சியில வீசி, "டாக்டர் சீல் வச்சிருக்கான். கம்பெனிக்காரன் லீவுன்னு போலீஸ்கிட்ட சொல்லியிருக்கான். எல்லாரும் பொய்யி, நீ ஒருத்திதான் உத்தமியா?"ன்னு கேட்டிருக்கு. அன்னைக்கு ராத்திரியே குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்த பொண்ணுதான். கடையும் போச்சு. கரும்பு மெஷினை வித்துட்டு அவர் இளநி வெட்ட வந்துட்டார்.

இதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது சார். சத்தியமாத் தெரியாது. கொஞ்சம் தெரியும். ஒருநாள் அம்சவேணி ஆபீஸுக்கு வந்து அழுதுச்சு. குடும்பத்துல ஆயிரம் இருக்கும்மா, ஆறிடும்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தேன்.

இப்ப ஆடிட்டுக்கு வர்றேன். ஆடிட்டர் ஒரு லேடி, தமிழ்ப் பொண்ணுதான், பெங்களூர்ல இருந்து வந்துச்சு. அஞ்சு பேரையும் வரிசையா உக்கார வச்சுப் பேசுச்சு. நான் கதவோரம். அம்சவேணிகிட்ட, "கை எப்படிம்மா ஆச்சு?"ன்னு கேட்டுச்சு. அம்சவேணி என்னைத் திரும்பிக் கூடப் பாக்கல. "கரும்பு ஜூஸ் மெஷின்ல மேடம். எங்க மாமா கடையில"ன்னுச்சு. "இப்படி இருந்தும் உங்களுக்கு வேலை குடுத்திருக்காங்களே, சந்தோஷமா?" "சந்தோஷம் மேடம்." அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுதிக்கிட்டாங்க. எனக்கு நிம்மதின்னா நிம்மதி, கேன்டீன்ல அன்னைக்கு எல்லாருக்கும் கேசரி போடச் சொன்னேன்.

ஆர்டர் வந்துச்சு. அஞ்சு பேரையும் பர்மனென்ட் பண்ணினோம். நான்தான் எம்.டி.கிட்ட வாதாடினேன், அதையும் சொல்லணும்ல. நிலோபருக்கு, இடம் பூர்த்தியாகிவிட்டதுன்னு லெட்டர் போட்டேன். பதில் ஒரு மெயில் வந்துச்சு. "சார், காத்திருந்த நேரத்தில் ரிசப்ஷனில் உங்கள் கொள்கையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஏழாவது பத்தியில் மட்டும் 'நோயாளிகள்' என்று இருக்கிறது, சரிபார்க்கவும்." போய்ப் பாத்தேன். ஆமா, ஒண்ணு விட்டுப் போச்சு. ஆடிட்டர் படிச்சாங்க, எம்.டி. படிச்சார், யார் கண்ணுக்கும் படல. அந்தப் பொண்ணு ஒருத்திதான் அதை நிஜமாப் படிச்சிருக்கு. அந்த மாதிரி பொண்ணுங்களுக்காகத்தானே அந்தச் சட்டமே எழுதினான். ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு.

அப்புறம் விருது. சென்னையில ஒரு பெரிய ஓட்டல், தொழில் முனைவோர் சங்கம் ஏதோ ஒண்ணு. சிறந்த சம வாய்ப்பு நிறுவனம்னு எங்களுக்கு. மேடையில ஊழியர் ஒருத்தர் வாங்கினா நல்லா இருக்கும்னு எம்.டி. சொன்னார். அம்சவேணிக்குப் பட்டுப்புடவை, தலைநிறையப் பூ. ஷீல்டு கண்ணாடி சார், கனமான கண்ணாடி. அந்தக் கட்டைவிரலும் இடது கையும் வச்சு அதால பிடிக்க முடியல, நழுவப் பாத்துச்சு. நான் ஓடிப் போயி கீழ கையைக் குடுத்தேன். அந்த நேரத்துல போட்டோ எடுத்துட்டான்.

மறுநாள் பேப்பர்ல வந்துச்சு. "கரும்பு ஜூஸ் இயந்திரத்தில் கையை இழந்த பெண்ணுக்கு வாழ்வளித்த நிறுவனம்." அம்சவேணி இருக்கு, எம்.டி. இருக்கார், ஷீல்டு இருக்கு. கீழ ஒரு கை மட்டும், மணிக்கட்டு வரைக்கும். மூஞ்சியை வெட்டிட்டாங்க. இதோ, இந்த வாட்ச் தெரியும். அந்தப் போட்டோதான் இப்ப ரிசப்ஷன்ல கொள்கைக்குப் பக்கத்துல பெருசாத் தொங்குது. தினமும் காலையில அதைத் தாண்டித்தான் நான் உள்ள போகணும்.

அந்தப் பேப்பர் உங்க ஊருக்கும் வந்திருக்கு. ஏழு வருஷமா ஏதோ ஒரே வீட்ல பேசாம கொள்ளாம இருந்த அஞ்சலை அக்கா, பேப்பரைப் பாத்துட்டு முனிரத்தினத்தோட துணிமணியைத் தெருவுல போட்டுடுச்சாம். மனுஷன் இப்ப கடையிலயே படுத்துக்கறாராம். தெரியுமா உங்களுக்கு? நீங்களே பாத்தீங்களா. இளநி மட்டைக்கு நடுவுலயா. ஐயோ.

அம்சவேணி ஆபீஸுக்கு வந்துச்சு. அழல. நின்னுக்கிட்டே பேசுச்சு. "சார், எனக்கு ஒண்ணும் வேணாம். கையைப் பத்திக் கூட நீங்க சொல்ல வேணாம். பிரஸ்ஸு, பட்டனு எதுவும் வேணாம். எங்க அக்கா எதிர்ல வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னைக்கு இவ கம்பெனியிலதான் இருந்தான்னு சொல்லுங்க. அவ்ளோ போதும்."

வர்றேம்மா, ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னேன்.

எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு சார். அந்த வார்த்தையை நான் சொன்னா, அப்ப லீவுன்னு போட்டது யாருன்னு வரும். போர்டு நம்பரு, சான்றிதழு, ஆர்டரு, ஒண்ணைப் பிடிச்சு இழுத்தா எல்லாம் வரும். பயம்தான். ஆனா பயம் கூட இல்ல சார், உண்மையைச் சொல்லிடறேன், வெக்கம். அந்த அக்கா என்னைப் பாத்து, நீதானான்னு ஒரு பார்வை பாக்குமே, அதை என்னால தாங்க முடியாது. முனிரத்தினம் ஒண்ணும் சொல்ல மாட்டார்னு அம்சவேணி சொல்லுது. ஒரு இளநி வெட்டிக் குடுப்பாராம். அது அதைவிட மோசம்.

இது மூணாவது ஞாயித்துக்கிழமை. ரெண்டு வாரமா இதே பஸ். கண்டக்டர் சிரிச்சார், பாத்தீங்களா? அவருக்குத் தெரியும். சின்னத்தாங்கல் இறங்கணும்னு அவர்கிட்ட சொல்லி வைக்கறேன், ஸ்டாப் வந்ததும் அவர் என்னைப் பாக்கறார், நான் வெளிய பாக்கறேன். அங்க முனிரத்தினம் இளநிக் கத்தியோட குனிஞ்சு உக்காந்திருப்பார். பஸ் கிளம்பிடும். வந்தவாசி வரைக்கும் போயி, ஒரு காபி குடிச்சுட்டு திரும்பிடறேன். திங்கட்கிழமை அம்சவேணி என்னைப் பாத்தா, "போனீங்களா சார்?"னு கேக்காது. வணக்கம் சொல்லும். இடது கையால நெத்தியைத் தொட்டு வணக்கம் சொல்லும்.

இன்னைக்குப் போயிடுவேன்னுதான் கிளம்பினேன். சட்டைப் பையில எழுதிக் கூட வச்சிருக்கேன், வாய் குழறிடும்னு. அன்று அம்சவேணி கம்பெனியில்தான் பணியில் இருந்தார். பாருங்க, ஒரே வரி.

வந்துடுச்சா? அதோ அந்த ஸ்டாப்தானே. நீங்க எழுந்துக்கோங்க சார், பையை நான் எடுத்துத் தர்றேன். சார், ஒரு நிமிஷம். நீங்க எப்படியும் அவர் கடையைத் தாண்டித்தானே போகணும். மாமனார் வீடு வேற. உங்க பேச்சுக்கு ஊர்ல ஒரு மரியாதை இருக்கும். நீங்களே அஞ்சலை அக்காகிட்ட இந்த ஒரு வரியைச் சொல்லிடுங்களேன். கம்பெனி ஆளு ஒருத்தர் பஸ்ல பாத்தேன், அவர் சொன்னார்னு சொன்னாப் போதும். இந்தத் துண்டுச் சீட்டையும் வச்சுக்கோங்க, என் கையெழுத்துதான், கீழ பேர் போடல. போட வேணாம்ல? புரிஞ்சுக்குவாங்க. நல்ல மனுஷங்க.

வர்றேன் சார். இல்ல, நான் இறங்கல. நீங்க இறங்குங்க, கண்டக்டர் விசில் குடுக்கறார்.

சார், சார்! அந்தக் கார்டு. அதை மட்டும் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க.